குழந்தை அழுதால் துப்பாக்கி நிற்குமா? இருண்ட விஞ்ஞானக் கதைகளும் வன்னிப் பிள்ளைகளும்

இரணைமடுக் குருவி | சனி, இரவு 11.48

வணக்கம். நான் கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறேன், கணிதப் பிரிவு. இங்கே நீங்கள் எழுதுவதை மூன்று மாதமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நேற்று இரவு அல்போன்சோ குவாரோன் 2006 இல் எடுத்த 'சில்ட்ரன் ஒஃப் மென்' பார்த்தேன். பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2027, இங்கிலாந்து. உலகத்தில் பதினெட்டு வருடமாக ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. அகதிகளைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஓர் ஆபிரிக்க அகதிப் பெண் கர்ப்பமாகிறாள். கடைசிப் பகுதியில், சண்டை நடக்கும் ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து அவள் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறாள். குழந்தை அழுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் துப்பாக்கிகள் நிற்கின்றன. படிக்கட்டில் நிற்கிற சனம் கையை நீட்டிக் குழந்தையைத் தொடப் பார்க்கிறது. இராணுவத்தினர் விலகி வழி விடுகிறார்கள். சிலர் சிலுவை போடுகிறார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோழிக்கூட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்த அம்மா கதவடியில் நின்று அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "அழுதா நிப்பாட்டுவாங்களோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு குசினிக்குள் போய்விட்டார்.

நான் பிறந்தது 2008 ஐப்பசியில், தருமபுரத்தில். 2009 மாசியில், கடைசிப் போர் நேரம், எனக்கு நான்கு மாதம், இருந்தது மாத்தளனில், பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்). இவ்வளவும் தெரியும். அதற்கு மேல் அம்மா சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. நேற்றுப் பதினொரு மணிக்கு மேல் அம்மா வந்து என் பாயில் இருந்தார். மண்மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காமல் தன் கூறைச்சேலையை வெட்டித் தைத்ததைச் சொன்னார். சரிகைக் கரையில் ஊசி இறங்காமல் விரலில் குத்திக்கொண்டே இருந்ததாம். மேலே வண்டு சுற்றும்போது (வெளியூர்க்காரருக்கு: வண்டு என்றால் ஆளில்லா வேவு விமானம்) நான் அழுதால் பக்கத்துப் பங்கரில் இருந்தவர்கள் "பிள்ளையின்ர சத்தத்தைக் குறையுங்கோ" என்பார்களாம். அவ்வளவு உயரத்துக்குக் கேட்காது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் சேலைத் தலைப்பைச் சீனித்தண்ணீரில் நனைத்து என் வாயில் வைத்தாராம். சீனி முடிந்த பிறகு வெறும் தண்ணீர்.

ஒரு வருடமாக இப்படியான கதைகளைத்தான் தேடித் தேடி வாசிக்கிறேன், பார்க்கிறேன். நித்திரை வராது. ஆனாலும் விடமுடியவில்லை. ரே பிராட்பரி 1950 இல் வெளியிட்ட ஒரு கதை இருக்கிறது. அணுகுண்டு விழுந்து எல்லோரும் செத்துப்போன ஊரில் ஒரு வீடு மட்டும் தானாக இயங்கிக்கொண்டிருக்கிறது. காலைச் சாப்பாடு சமைக்கிறது, நேரம் சொல்கிறது, நிலம் துடைக்கிறது. வெளிச்சுவர் முழுக்கக் கருகியிருக்கிறது. புல் வெட்டிய அப்பா, பூப் பறித்த அம்மா, பந்து எறிந்த பிள்ளைகள் நின்ற இடங்களில் மட்டும் பழைய சுண்ணாம்பு அவர்களின் உருவமாக மிஞ்சியிருக்கிறது. அதை வாசித்த அன்று எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கதை நடப்பது 2026 ஆகஸ்ட் மாதம்.

படிப்பிக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எங்கட பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையில்லை, நல்லதைப் பாருங்கோ" என்றார். உங்களிடம் கேட்கிறேன். இதைப் பார்ப்பதும் வாசிப்பதும் பிழையா?


முரசுமோட்டையான் | ஞாயிறு, காலை 6.20

பிள்ளை, நான் இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு இது பிடிக்கவில்லை. உங்கள் அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியே முழுப் படத்துக்கும் பதில்.

இந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் தங்களுக்கு நடக்காததை நினைத்துப் பயப்படுகிறார்கள். மின்சாரம் போய்விடும், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்போம், வானத்திலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று. அவர்களுக்கு அது வருங்காலம். எங்களுக்கு அது 1990 இலிருந்து நடந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் மங்கிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இதையே ஒரு வெள்ளைக்காரப் பொடியன் படத்தில் செய்தால் கற்பனை என்று கைதட்டுகிறார்கள்.

விஞ்ஞானக் கதை வேண்டுமென்றால் ஆர்தர் சி. கிளார்க்கை வாசியுங்கள். 1956 இல் இந்த நாட்டுக்கு வந்து 2008 இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர். செயற்கைக்கோள்களைப் பூமிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும்படி வைத்து உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945 இலேயே கணக்குப் போட்டு எழுதியவர். கிளிநொச்சி அறிவியல் நகரில் எங்கள் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அப்படியான மூளை. இருட்டு எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது, இறக்குமதி செய்யத் தேவையில்லை.


மாங்குளம் சந்தி | ஞாயிறு, காலை 9.05

சேர், கிளார்க் என்று நீங்களே தொடங்கியதால் சொல்கிறேன். 1953 இல் அவர் எழுதிய 'சைல்ட்ஹுட்ஸ் என்ட்' எப்படி முடிகிறது தெரியுமா? பிள்ளைகள் எல்லோரும் பெற்றோருக்கு விளங்காத வேறொன்றாக மாறிப் போய்விடுகிறார்கள், பூமியே இல்லாமல் போகிறது. அதைவிட இருண்ட முடிவை நான் வாசித்ததில்லை. செயற்கைக்கோளுக்குக் கணக்குப் போட்ட அதே மூளைதான் அதையும் எழுதியது.

அடுத்தது, பயமில்லாமல் வாழ்ந்தவர்கள்தான் இதையெல்லாம் உருவாக்குகிறார்கள் என்பது. 'கொட்ஸில்லா' என்றால் இப்போது எல்லோருக்கும் கட்டடம் உடைக்கிற பெரிய பல்லி. 1954 இல் வந்த முதல் படத்தைப் பாருங்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஒன்பது வருடம்தான். அந்த வருடம் மார்ச் மாதம், பசிபிக்கில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. நவம்பரில் படம் வந்துவிட்டது. எடுத்தவர் இஷிரோ ஹொண்டா, போருக்குப் போய்ச் சிறைப்பட்டுத் திரும்பி வரும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர். படத்தில் நகரம் எரியும்போது தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு "கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம்" என்று சொல்வாள். அந்த அப்பா எந்தப் போரில் செத்தார் என்று ஜப்பானில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பட்டவர்களே எடுத்த விஞ்ஞானப் படம் அது.

தங்கச்சி, நீங்கள் பாருங்கள். பிழையே இல்லை.


வற்றாப்பளை மருமகள் | ஞாயிறு, மதியம் 1.30

எனக்கு இந்தப் படங்கள் ஒன்றும் தெரியாது. மகன் இந்தப் பக்கத்தைக் காட்டியதால் வாசித்தேன்.

ஒன்று சொல்கிறேன். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு ஊருக்கு வந்த புதிதில் பஸ்ஸில் கிளிநொச்சி போவேன். ஏ9 வீதி ஓரத்தில் அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடக்கும். கொங்கிறீற்று பிளந்து கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தெற்கிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் அதற்கு முன்னால் குடும்பமாக நின்று படம் எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக் கொங்கிறீற்றின் மேல் நிற்க வைப்பார்கள். அவர்கள் கெட்ட சனம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது பார்க்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான். அந்தத் தாங்கித் தண்ணீரைக் குடித்தவள் நான். எனக்கு வயிறு பிரட்டும், மற்றப் பக்கம் திரும்பி இருப்பேன்.

பிள்ளை, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கோபிக்காதே, உண்மையைச் சொல். அந்தப் படத்தில் உடைந்த கட்டடங்களும் சண்டையும் வந்தபோது உனக்குப் பார்க்க நன்றாக இருந்ததா?


இரணைமடுக் குருவி | ஞாயிறு, மாலை 6.47

அன்ரி, மதியத்திலிருந்து இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓம். நன்றாக இருந்தது.

அந்தச் சண்டைக் காட்சியில் கமரா வெட்டாமல் ஆளுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் இரத்தத் துளி கமராக் கண்ணாடியில் தெறிக்கும், அதோடேயே ஓடும். அம்மா வருவதற்கு முதல் நான் அதை மூன்று தரம் பின்னால் இழுத்துப் பார்த்தேன். எப்படி எடுத்தார்கள் என்று விளங்கிக்கொள்ளத்தான் இழுத்தேன். ஆனால் மூன்றாம் தரம் பார்த்தபோது ஒரு கிளர்ச்சிதான் இருந்தது, பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இரவு அம்மா கூறைச்சேலையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நான் இழுத்து இழுத்துப் பார்த்திராவிட்டால் அந்தக் கட்டம் வரும் நேரம் அம்மா கதவடிக்கு வந்திருக்கமாட்டார். இதை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.


வற்றாப்பளை மருமகள் | ஞாயிறு, இரவு 7.02

உண்மையைச் சொன்னாய். சந்தோசம்.


நெடுங்கேணி வாசகர் | ஞாயிறு, இரவு 9.40

பல வருடம் ஆங்கில இலக்கியம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். குருவி எழுதியதை வாசித்ததும் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' இன் முதல் அத்தியாயம் ஞாபகம் வந்தது. 1949 இல் வந்த நாவல். சுவரில் இருந்து ஆட்களைக் கண்காணிக்கும் திரை, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற சுவரொட்டி, இவற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் வேறொரு இடத்தைச் சொல்கிறேன்.

வின்ஸ்ரன் இரகசியமாக நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். முதல் நாள் எழுதுவது முந்தைய இரவு பார்த்த படத்தைப் பற்றி. அகதிகள் நிறைந்த கப்பல் ஒன்றின்மேல் குண்டு போடுகிறார்கள். பிள்ளைகள் நிறைந்த ஓர் உயிர்காப்புப் படகு, மேலே ஹெலிகொப்டர். ஒரு நடுத்தர வயதுப் பெண் சின்னப் பையன் ஒருவனைக் கைகளால் மூடிக்கொண்டு இருக்கிறாள், தன் கைகள் குண்டைத் தடுத்துவிடும் என்பதுபோல. படகு சிதறுகிறது. கொட்டகையில் கைதட்டல். அப்போது மலிவு இருக்கைப் பக்கத்திலிருந்து படிப்பறிவில்லாத ஒருத்தி எழும்பி, பிள்ளைகளுக்கு முன்னால் இதைக் காட்டலாமா என்று சத்தம் போடுகிறாள். பொலிஸ் அவளை வெளியே தள்ளுகிறது. யாரும் அவளைக் கணக்கெடுக்கவில்லை என்று வின்ஸ்ரனும் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறான்.

இதை முப்பது வயதில் வாசித்தபோது அந்தப் பெண்ணை நானும் கவனிக்காமல் கடந்துவிட்டேன். 2009 க்குப் பிறகு திரும்ப வாசித்தேன். படகில் இருந்த பெண்ணை விட்டு நகர முடியவில்லை. மாத்தளனில் அப்படிக் கையால் மூடிக்கொண்டு இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர்வெல் அதை அறுபது வருடத்துக்கு முன்னர் எழுதிவிட்டார். அந்தக் கொட்டகையில் மனிதராக இருந்தது ஒரே ஒருத்தி என்பதையும் எழுதினார். நல்ல இருண்ட கதை, பார்க்கிறவரின் பக்கமும் விளக்கைத் திருப்பும். குருவி, மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த விளக்கு உங்கள்மேல் பட்டுவிட்டது. தொடர்ந்து வாசியுங்கள்.


முரசுமோட்டையான் | திங்கள், காலை 5.55

ஐயா, மதிப்போடு சொல்கிறேன். நீங்கள் எனக்குச் சாதகமான சாட்சியைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கம் நிறுத்துகிறீர்கள். அந்தக் கொட்டகையில் எழும்பியவள் என்ன சொன்னாள்? பிள்ளைகளுக்கு முன்னால் காட்டாதே என்றாள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நேற்று எழுதாத காரணத்தையும் எழுதிவிடுகிறேன். 2011 இல் ஒரு கொட்டிலில் ஒன்பதாம் ஆண்டுக்கு மாலை வகுப்பு வைத்திருந்தேன். பக்கத்துக் கோயில் திருவிழாவில் வாணம் விட்டார்கள். முதலாவது வெடித்ததும் பின் வாங்கில் இருந்த எட்டுப் பேர் வாங்குக்குக் கீழே. ஒருவரும் கத்தவில்லை. கையைத் தலையின்மேல் வைத்துக்கொண்டு, முழங்கையை நிலத்தில் ஊன்றி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்கள். ஷெல் சத்தத்துக்குக் காதுச் சவ்வு கிழியாமல் இருக்க அப்படித்தான் பழக்கினோம். இரண்டு வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. நான் கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அதை எழுதி முடிக்கவில்லை.

குருவிக்கு அந்த ஞாபகம் இல்லை, சரி. ஆனால் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு இருக்கிறது. எங்கள் வீடுகள் எப்படியானவை? வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை, மேலே ஓடு, நடுவில் கூரைவரை எழும்பாத சுவர். பிள்ளை போனில் பார்க்கும் படத்தின் வெடிச்சத்தம் அடுத்த அறையில் படுத்திருக்கும் தாய்க்கும் கேட்கும். படத்தைப் பற்றி நாங்கள் இங்கே கதைக்கிறோம். அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.


மாங்குளம் சந்தி | திங்கள், காலை 8.30

சத்தத்தைப் பற்றிச் சேர் சொன்னது சரி. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஹெட்போன் போடலாம் என்று ஒரு வரியில் எழுதலாம், ஆனால் சேர் கேட்பது அதைவிடப் பெரியது.

படம் பொய் சொல்கிறது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். குழந்தை அழுததும் துப்பாக்கி நின்றது உண்மை. ஆனால் அவள் கொஞ்சத் தூரம் போனதும் திரும்ப வெடி தொடங்குகிறது. முழங்காலில் விழுந்தவர்களே எழும்பிச் சுடுகிறார்கள். குருவி இதை எழுதவில்லை.


வற்றாப்பளை மருமகள் | திங்கள், மதியம் 2.10

சேர், உங்கள் வகுப்புப் பிள்ளைகளை வாசித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. ஆனாலும் தாய்மாருக்காக நீங்கள் கதைக்காதீர்கள், நாங்கள் கதைக்கிறோம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அம்மா அழுவா என்று அவர்கள் நினைத்தார்கள். சொன்னால் பிள்ளைகள் பயப்படும் என்று நான் நினைத்தேன். பதினேழு வருடம் இப்படியே போய்விட்டது. மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சும்போது மட்டும் சட்டியைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் சும்மா நிற்போம். சத்தம் கேட்டு அந்தப் பிள்ளையின் தாய்க்கு நெஞ்சு படபடத்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிசி பதினொரு மணிக்குத் தானாக வந்து பாயில் இருந்திருக்கிறா. யாரும் கூப்பிடவில்லை.

தம்பி மாங்குளம், நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வெடி திரும்பத் தொடங்குகிறதா? எங்களுக்கும் சத்தம் நின்றால்தான் பயம். நின்றதும் சனம் தண்ணீர் அள்ளப் போகும், கக்கூசுக்குப் போகும், உலை வைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் விழும். என் தங்கச்சி போனது அப்படி, கையில் வாளியோடு. அந்தப் படத்தை எடுத்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. மகனிடம் கேட்டு அந்தப் படத்தைப் பார்ப்பேனா என்று இன்னும் தெரியாது.


மாங்குளம் சந்தி | திங்கள், இரவு 8.15

அக்கா, மன்னியுங்கள். தெரியாமல் எழுதிவிட்டேன்.

எனக்கு மனதில் இருப்பது ஒன்றுதான். ஜப்பான்காரர் ஒன்பது வருடத்தில் தங்கள் கதையைத் தாங்களே எடுத்தார்கள். நாங்கள் இன்னும் மற்றவர்களின் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். இரண்டெழுத்துப் பெயர்கள், ஜீவாவின் ஆட்சி, இயந்திர நாய் ஜீனோ. 1980களில் எழுதி 2021 இல் நடப்பதாக வைத்தார். எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் கதையின் வானத்தில் வண்டு இல்லை.

போன மாதம் எங்கள் சித்தப்பாவின் வயலில் நெல்லுக்கு மருந்தடிக்க ட்ரோன் கொண்டுவந்தார்கள். எழும்பியதும் அந்த இரைச்சல். வரம்பில் நின்று கதைத்துக்கொண்டிருந்த அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் போய் மாமரத்துக்குக் கீழே இருந்துவிட்டா. ட்ரோன் போனபிறகும் வெளியே வரவில்லை. அதை இயக்கிய பெடியனுக்கு இருபது வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், அம்மம்மாவுக்கு வெயில் போல என்று நினைத்தான். எனக்கு அதற்கு மேல் விஞ்ஞானக் கதை வேண்டாம். குருவி, உங்களுக்கு எழுத வருகிறது. எழுதுங்கள்.


முரசுமோட்டையான் | திங்கள், இரவு 9.50

இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பெரிய பயம். நடந்ததையே நடக்கவில்லை என்கிறார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே இன்னும் சண்டை. காணாமல் போனவர்களின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 இலிருந்து வீதியோரம் இருக்கிறார்கள், கையில் படத்தோடு. இந்த நிலைமையில் நாங்களே எங்கள் கதைக்குள் ஒரு ரோபோவையும் 2050 ஐயும் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? "பாருங்கள், இவர்கள் சொல்வதெல்லாம் கற்பனை" என்பார்கள். முதலில் சாட்சியம். ஒவ்வொரு தாயும் சொல்வதைத் திகதி போட்டு, இடம் போட்டு எழுதி வையுங்கள். குருவிக்கு அம்மா சொன்னதை அப்படி எழுதட்டும், நானே உட்கார்ந்து உதவி செய்கிறேன்.


நெடுங்கேணி வாசகர் | திங்கள், இரவு 11.20

இந்தக் கேள்வியைத்தான் நான் இரண்டு நாளாக எதிர்பார்த்திருந்தேன். ஓர்வெல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் துப்பாக்கி தூக்கியவர், கழுத்தில் சூடுபட்டவர். திரும்பி வந்து 1938 இல் அவர் வெளியிட்டது சாட்சியம்: எந்த ஊர், எந்த அகழி, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று. தான் கண்ட சண்டைகளைப் பத்திரிகைகள் நடக்கவேயில்லை என்றும், நடக்காதவற்றை நடந்தது என்றும் எழுதியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பயம் வந்தது. '1984' இல் பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதும் அமைச்சு அதிலிருந்து முளைத்ததுதான். சாட்சியத்துக்கும் கதைக்கும் நடுவில் பதினொரு வருடம். இரண்டையும் எழுதியது ஒரே கை.

சேர் சொல்லும் வரிசை சரி. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சாட்சியம் சொந்தமில்லை, அது அம்மாவுடையது. அவளுக்குச் சொந்தமானது அம்மாவின் வாயிலிருந்து கேட்ட பிறகு வருகிற கனவு.


முரசுமோட்டையான் | செவ்வாய், காலை 5.40

கனவை யாரும் நீதிமன்றத்தில் எடுப்பதில்லை, ஐயா. நான் என் சொல்லில்தான் நிற்கிறேன். குருவி, அம்மா சொன்னதை முதலில் எழுது. திகதி ஞாபகமில்லையென்றால் எந்தக் கோயில் திருவிழாவுக்கு முன், எந்த மழைக்குப் பின் என்று கேள். அப்படித்தான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.


இரணைமடுக் குருவி | செவ்வாய், இரவு 10.35

எல்லோருக்கும் நன்றி. சேர், நீங்கள் சொன்னபடி ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். இன்றைக்கு அம்மாவிடம் கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மாத்தளனுக்கு வந்தது தைப்பொங்கல் கழிந்து எத்தனை நாள் என்று அம்மா விரல் விட்டு எண்ணினார். மூன்று தரம் எண்ணினார், மூன்று தரமும் வேறு வேறு எண் வந்தது. மூன்றையும் எழுதிவைத்தேன்.

அதே கொப்பியின் பின்பக்கத்திலிருந்து கதையும் தொடங்கியிருக்கிறேன். மாங்குளம் அண்ணா சொன்ன அம்மம்மாவும் மாமரமும் அதில் வரலாமா அண்ணா? கதையில் வருடம் 2061. இரணைமடுக் குளத்துக்கு மேல் மருந்தடிக்கும் இயந்திரங்கள் பறக்கின்றன, எல்லோருக்கும் அது சாதாரணம். ஒரே ஒரு கிழவி மட்டும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைக்கிறாள். ஏன் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

முதல் வரியில் "வண்டு ங்ங் என்று இரைந்தது" என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா, "அப்பிடி இல்லை, பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தொண்டைக்குள் ஒரு சத்தம் செய்து காட்டினார். அதை எந்த எழுத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் வந்த எந்தச் சத்தத்தையும்விட அது சின்னது. முற்றத்தில் படுத்திருந்த நாய் எழும்பி நின்றது.


முரசுமோட்டையான் | புதன், காலை 5.50

முன்பக்கத்தைத் தனிக் கொப்பியில் எழுது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டாம். அது ஒன்றுதான் நான் கேட்பது.


வற்றாப்பளை மருமகள் | புதன், காலை 7.15

பிள்ளை, கதையில் இதையும் போடு. மழை பெய்தால் வண்டு வருவது குறைவு. பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு விடிய விடிய நிற்கவேண்டும். அது தெரிந்தும் நாங்கள் மழை வரவேண்டும் என்றுதான் கண்ணகை அம்மனைக் கும்பிட்டோம்.